கடைசியாக இறங்குகிறவள்

செவ்வாய்க்கிழமை, அக்டோபர்

அன்புள்ள ஆரினுக்கு,

உன் மனைவி நெல்டா எழுதிக்கொள்வது. நான் நலம். நாயும் நலம். ஆபரேஷன் ஆன என் தோள்பட்டை டாக்டர் கணக்குப்படி நலம், என் கணக்குப்படி இன்னும் இல்லை. நீயும் ஸ்டெர்லிங்கும், என் இடத்துக்கு நீ கூட்டிப்போன அந்தப் பெண்ணும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பெண் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று தெரிகிறது. உன் கடிதத்தில் வரிக்கு வரி அவள்தான் வருகிறாள்.

டெல்மார் வியாழக்கிழமை காலி டிரம்களோடு திரும்பி வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் கடிதத்தை என் கையில் கொடுத்தான். போன் எடுக்காத அந்தப் பாலைவனத்துக்கும் எனக்கும் நடுவில் அவனுடைய தண்ணீர் லாரிதான் தபால் வண்டி என்று ஆகிவிட்டது. உறைக்குள்ளே பாதி செம்மண். அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். இதுவரை யாரும் இறங்கிப் பார்க்காத பெரிய பாறையிடுக்கு, அதற்குப் பழகிக்கொள்ளத் தினமும் இறங்குகிற சின்ன இடுக்குகள், இரண்டு கையையும் நீட்ட முடியாத நெருக்கம், நடுப்பகலிலும் உள்ளே இருட்டு, தேங்கிய தண்ணீரில் பல் கிட்டிப்போகிறது என்றெல்லாம் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறாய். எனக்கு வயிறு எரிந்தது. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பெரிய இடுக்கை முதலில் கண்டுபிடித்து, இதோ பார் என்று காட்டியது யார்? இந்தச் சமையல் மேஜையில், பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு, நான்தான் காட்டினேன். அந்தக் கறை இன்னும் உன் படத்தில் இருக்கும், எடுத்துப் பார்.

பிரின்லிக்கு முப்பது வயது. பிரின்லிக்குப் பூனை மாதிரி கால். பிரின்லி எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஓட்ஸ் கஞ்சி வைத்துவிடுகிறாள். நானும் இருபது வருஷத்துக்கு மேல் உனக்குக் கஞ்சி வைத்தேன், பனியிலும் வைத்தேன். அதைப் பற்றி நீ யாருக்கும் கடிதம் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதெல்லாம் போகட்டும். "பிரின்லி நன்றாகக் கடைசி ஆளாக வருகிறாள்" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கடைசி ஆள் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பாறையில் ஆணி அடிக்கமாட்டோம், நாம் வந்துபோனது பாறைக்கே தெரியக்கூடாது என்பது நம் கூட்டத்தின் பிடிவாதம். கயிற்றைக் கட்டக் கல்லோ மரமோ இல்லாத இடத்தில், ஒருத்தர் மேலே காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, தன் இடுப்பிலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டு மற்றவர்களை இறக்குகிறார். எல்லோரும் இறங்கிய பிறகு அவருக்கென்று மேலே யாரும் இல்லை. இரண்டு பக்கச் சுவரிலும் கைகாலை ஊன்றிக்கொண்டு வழுக்கி வழுக்கி வர வேண்டும். சுவர் அகன்றுபோகிற இடத்தில் கையை விட்டுவிட வேண்டும். கீழே நிற்கிறவர் பிடித்துக்கொள்வார். இத்தனை வருஷமும் கையை விட்டவள் நான், கீழே நின்றவன் நீ. என் பூட்ஸ் பட்டு உன் தோளில் விழுந்த தழும்பு இன்னும் அங்கேதானே இருக்கிறது?

அந்த இடத்தில் நீ ஒன்று சொல்வாய். "கைய விடு கண்ணு, நான் கீழ இருக்கேன்." அப்புறம் என்னைப் பிடித்ததும் தரையில் விடமாட்டாய். இரண்டு தரம் மேலும் கீழும் தூக்கிப் பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இப்ப கனம் கூடியிருக்கு" என்பாய். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாய். நானும் ஒவ்வொரு தடவையும் உன் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் போடுவேன்.

மணல் துணி கேட்டிருந்தாய். உங்களுடையதைப் பாலைவன எலி கடித்துவிட்டது, நான் தைத்ததை டெல்மாரிடம் கொடுத்தனுப்பு, பெரிய இடுக்கின் கடைசி இறக்கத்தில் கட்ட எதுவுமே இல்லை, மணல் மட்டும்தான் இருக்கிறது, துணியில் ஈர மணலைக் கட்டி அதன் பாரத்தில்தான் கயிற்றை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தேடினேன் ஆரின். கார் ஷெட்டில் தேடினேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன். என் பழைய பையையும் உதறிப் பார்த்தேன். எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. கைராசிக்காரி ஒருத்திதான் அங்கே இருக்கிறாளே, கூடாரத் துணியில் ஒன்று தைத்துக்கொள்ளச் சொல். என் கையால் நாலு மூலையிலும் இரட்டைத் தையல் போட்டது அவளுக்கு எதற்கு?

ஊர்ச் செய்தி. மான் வேட்டை தொடங்கிவிட்டது, ஆம்பளைகள் எல்லாம் ஆரஞ்சு உடுப்பு போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள், ஊர் நிம்மதியாக இருக்கிறது. ஓடைக்கரை மரங்கள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. பெட்ரோல் பங்கு மார்ஜீன் நாள் தவறாமல் வந்துவிடுகிறாள். ஒரு நாள் காரட் போட்ட ஜெல்லி, ஒரு நாள் சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. ஆபரேஷன் ஆனவள் சமைக்கக்கூடாதாம். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பேசுகிறாள், வாய் வலிப்பதே இல்லை அவளுக்கு. கூரை மேலிருக்கும் கூலரை மூடவேண்டும், குளிர் வந்துவிட்டது. ஏணியில் ஏறினால் கொன்றுவிடுவேன் என்று டாக்டர் சொன்னார். அது அப்படியே திறந்து கிடக்கிறது.

மழை மேகம் தெரிந்தால் இடுக்குக்குள் கால் வைக்காதே. ஈரக் காலுறையோடு தூங்காதே. மற்றபடி உன்னைக் கவனித்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது, நான் என்ன சொல்ல இருக்கிறது.

இப்போதைக்கு உன் மனைவியாகவே இருக்கும்,
நெல்டா


அடுத்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஆரினுக்கு,

இந்தக் கடிதத்தோடு டெல்மார் ஒரு பொட்டலம் தருவான். முதலில் அதைப் பிரித்துப் பார். மணல் துணிதான். எங்கே இருந்தது என்று கேட்காதே. சரி, நானே சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தை எழுதும்போது அதை நாலாக மடித்து நாற்காலியில் போட்டு, அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ கொடுத்தனுப்பிய சீட்டு வந்தது. "துணி கிடைக்காவிட்டால் பரவாயில்லை நெல்டா, சமாளித்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தாய். அந்தப் பரவாயில்லையைப் படித்துவிட்டு, எப்படிச் சமாளிக்கிறார்களாம் என்று டெல்மாரைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு முன்னால் ஆப்பிள் கேக்கை வெட்டி வைத்தேன். அவன் சூதுவாது தெரியாதவன், சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். லாரிப் பாதைக்குப் பக்கத்தில் வந்து முடிகிற சின்ன இடுக்கின் வாயில் நின்று பார்த்தானாம்.

"துணி இல்லல்ல, அதனால அந்தப் பொண்ணு தெனம் ஆரின் தோள்லதான் வந்து இறங்குது. கைய விடு கண்ணு, நான் கீழ இருக்கேன்னு இவர் சொல்றாரு, அது பட்டுன்னு விட்ருது. பாக்கவே அழகா இருந்துச்சு நெல்டா" என்றான்.

கேக் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவன் பாதிதான் சாப்பிட்டிருந்தான். நான் துணியை ஒளித்து வைத்ததனால்தான் அவள் தினமும் உன் தோளில் வந்து இறங்குகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். ஆனால் அதைவிட அந்தக் கண்ணுதான் என்னைக் கொன்றது. அந்தச் சொல் எனக்கே எனக்கு என்று நினைத்திருந்தேன் ஆரின். அடுத்தவளுக்கும் அதையே எடுத்துக் கொடுப்பாய் என்று நினைக்கவில்லை. பிடித்த பிறகு ஏதாவது சொன்னாரா என்று டெல்மாரைக் கேட்டேன். கனம் பற்றி ஏதாவது சொன்னாரா என்றுகூடக் கேட்டுவிட்டேன். காற்றில் காதில் விழவில்லை என்றான். விழவில்லை என்று சொன்னதற்கும் அவன் மேல்தான் கோபம் வந்தது.

கோபத்தில் செய்ததைச் சொல்கிறேன், படித்து முடிக்கும்வரை கத்தாதே. சனிக்கிழமை மார்ஜீனைக் கூட்டிக்கொண்டு சாணிக்குட்டை இடுக்குக்குப் போனேன். ஊருக்குப் பின்னால் இருப்பதுதான், குழந்தைகூட இறங்கும் என்று நீ கேலி செய்வாயே, அது. அவளும் நம்மோடு நாலைந்து தடவை வந்திருக்கிறாள், எப்போதும் நடுவில்தான் இறங்குவாள். போகிற இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் காதுக்குப் போய்விடும். என் எண்ணமெல்லாம் ஒன்றுதான். நான் கடைசி ஆளாக இறங்கிவிட்டு, உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். நெல்டாவுக்குத் தோள் சரியாகிவிட்டது, மூட்டை கட்டச் சொல் அந்தப் பெண்ணை என்று எழுதவேண்டும்.

மணல் துணியைத் துணைக்குக் கையில் எடுத்துப் போயிருந்தேன். போய்ப் பார்த்தால் ஆகஸ்ட் வெள்ளம் அங்கேயிருந்த மணலை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. வழுவழுவென்று வெறும் பாறை. ஒரு பிடி மணல் இல்லை. முதல் சறுக்கலில் இறங்கியதுமே கயிற்றை உருவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டதால் திரும்பி ஏறவும் வழி இல்லை. பரவாயில்லை, இதற்குத்தானே வந்தோம் என்று, மார்ஜீனை இறக்கிவிட்டு நான் கடைசியாக வரலாம் என்று சுவரில் இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தேன். வலது கை தோளுக்கு மேலே போகவே இல்லை. இன்னொரு தடவை முயன்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால் மட்டும் இல்லை.

வேறு வழி இல்லை. அவள் மேலே உட்கார்ந்து கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னை இறக்கினாள். நல்ல கனமானவள், அசையாமல் இருந்தாள். நான் கீழே வந்து நின்ற பிறகுதான் பயம் பிடித்தது. இரண்டு ஆள் உயரம். கீழே மணல் இருந்த இடத்தில் இப்போது கூர்கூராகக் கல். தவறினால் காலோ இடுப்போ போய்விடும், கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. அங்கே நிற்கிறவள் நான், ஒற்றைத் தோளோடு.

"நெல்டா, நீ பிடிக்கமாட்ட. நேத்து கடையில ஒரு பால் கேனைத் தூக்க முடியாம நின்ன, நான் பாத்தேன்" என்று மேலேயிருந்து அழுதாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஜெபம் செய்தாள், நீளமான ஜெபம், நம் சபை விருந்தில் எல்லோரையும் பசியோடு காக்க வைப்பாளே அந்த மாதிரி. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கடைசியில் உன் உருளைக்கிழங்கில் சீஸ் போதவில்லை என்று ஊரே பேசுகிறது என்றேன். அந்தக் கோபத்தில் எழுந்து பாதி தூரம் வந்துவிட்டாள். சுவர் அகலமாகிற இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஆரின், கீழே நிற்கிறவருக்கு முகம் தெரியாது என்று நீ ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு பூட்ஸ் அடிதான் தெரிகிறது. அந்தப் பூட்ஸ் தையல் மிஷின் மாதிரி நடுங்குகிறது. அது மார்ஜீனா, வேறு யாரா என்பதெல்லாம் மறந்துபோகிறது. அந்த இரண்டு கால் என் தலைக்கு மேலே இருக்கிறது, அது என் கைக்கு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் உலகத்தில் இருக்கிறது. நான் யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் தானாகச் சொல்லியது.

"கைய விடு கண்ணு, நான் கீழ இருக்கேன்."

மார்ஜீனைப் போய்க் கண்ணு என்றேன். ஊரில் அவள் வருகிற தெருவில் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவள். சொன்னதும் அவள் கையை விட்டுவிட்டாள். இடது தோளில் வாங்கினேன், இரண்டு பேருமாக உட்கார்ந்த வாக்கில் கல்லின் மேல் விழுந்தோம். அவள் முழங்கை பட்டு என் கண் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. வலது தோளைத் திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றும் கெடவில்லை, புத்திதான் கெட்டிருக்கிறது என்றார். மார்ஜீன் பெட்ரோல் போட வருகிற ஒவ்வொருத்தரிடமும் தான் கடைசி ஆளாக இறங்கி நெல்டாவைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும், இறங்கியது அவள்தானே.

இப்போது பெரிய இடுக்கு விஷயம். கடைசி இறக்கத்தை அடியிலிருந்து நடந்துபோய்ப் பார்த்தோம், ஓரமாக ஒரு பிளவு இருக்கிறது, பிரின்லி அதில் ஒடுங்கி வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன் என்று சீட்டில் எழுதியிருந்தாய். ஒன்றை நினைக்கிறேன் என்று நீ சொன்னால் அது உனக்கே நிச்சயமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் உன் தோள் எதற்கும் உதவாது. பிளவில் அவளை இறக்காதே. துணியை வைத்துக்கொள். மணலை நன்றாக நனை, துணி மேல் ஏறி மிதி, மிதித்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடு. முதலில் ஸ்டெர்லிங் இறங்கட்டும், அவன்தான் கனம், அவனைத் தாங்கினால் யாரையும் தாங்கும். அவன் இறங்கும்போது நீங்கள் இரண்டு பேரும் மேலே கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். கடைசியாக அவள் வரும்போது மெதுவாக வரச் சொல், கயிற்றில் குதிக்கக்கூடாது. கீழே வந்த பிறகு துணி மூலையில் கட்டிய மெல்லிய கயிற்றை ஒரே சீராக இழுங்கள், மணல் கொட்டித் துணி தானாக வந்துவிடும். இடது பக்க மூலை கொஞ்சம் நைந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி தைத்துவிட்டேன். ஊசியைப் பிடிக்க இந்தக் கை போதும்.

அந்தப் பெண்ணின் அம்மா எங்கேயோ ஒரு ஊரில் இருப்பாள். அவளை நினைத்துத்தான் துணியை அனுப்புகிறேன். அந்தப் பெண் இனிமேல் உன் தோளில் வந்து விழக்கூடாது என்பதற்காகவும்தான் அனுப்புகிறேன். எது பாதி எது முக்கால் என்று எனக்கே தெரியவில்லை, நீயும் ஆராயாதே. எனக்குப் பொறாமை போகவில்லை ஆரின். அவள் அங்கே இருக்கிறாள், நான் இங்கே கூலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கால் வைக்கப் போகிறாள். எப்படிப் போகும்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். கையை விடச் சொல்கிற சொல்லை அவளுக்கும் சொல், ஸ்டெர்லிங்குக்கும் சொல், யார் தொங்கினாலும் சொல். அது கீழே நிற்கிற யார் வாயிலும் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பிடித்த பிறகு, தரையில் விடுவதற்கு முன்னால் நீ சொல்கிறது தானாக வருகிற சொல் இல்லை. மார்ஜீன் என் மடியில் கிடந்தாள், அப்போது எனக்கு அப்படி எதுவும் வரவில்லை, எழுந்திரு என்றுதான் வந்தது. அது நீ எனக்காக உண்டாக்கியது. அதை அவளிடம் சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதாதே. சொல்லியிருக்காவிட்டால் இனியும் சொல்லாதே.

ஆண்டவர் உங்கள் மூன்று பேருக்கும் மேலே வானத்தை வெளுப்பாகவே வைத்திருக்கட்டும். வேலை முடிந்ததும் ஒரு நாள்கூடத் தங்காமல் கிளம்பி வா. மார்ஜீன் இப்போது காலையிலும் சாயங்காலமும் உருளைக்கிழங்கு கொண்டுவருகிறாள், இரண்டு பங்கு சீஸ் போட்டு, நான் சொன்னதற்குப் பழிவாங்க. நான் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. போன தடவைக்கு இப்போது நிஜமாகவே கனம் கூடியிருக்கிறேன் ஆரின். வந்து தூக்கிப் பார்த்துச் சொல்.

உன் கடைசி ஆள்,
நெல்டா